மீசை வைத்த கடல்கன்னி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். அங்கே நான் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தது ஒரு கடல்கன்னியிடம். அந்தக் கடல்கன்னிக்கு மீசை இருந்தது.

சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் நான் பல வருடம் குப்பை கொட்டியது உங்களுக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் பக்கத்து மேஜைக்கு வந்து சேர்ந்தவள் கவிதா. நான் வேலையை விட்டுத் திருவள்ளூரோடு ஒதுங்கிவிட்டேன். அவளுக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அதற்கு ஒரு வயதும் ஆகிவிட்டது. பிறந்தநாள், காதுகுத்து இரண்டும் ஒன்றாக, கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து மண்டபத்தில். "அக்கா, நீங்க வரலன்னா அப்புறம் பேசவே மாட்டேன்" என்று போனில் மிரட்டினாள். இப்போதும் ஒன்றும் அடிக்கடி பேசுவதில்லை. ஆனாலும் மிரட்டல் பிடித்திருந்தது. கிளம்பிவிட்டேன்.

தனியாக விசேஷத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். நமக்குப் பின்னால் பார்ப்பாள், இன்னும் யார் வருகிறார்கள் என்று. யாரும் வர மாட்டார்கள். "தனியாவா வந்தீங்க?" என்பாள். "ஆமாம்" என்போம். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டுபிடித்த வழி ஏர்கூலர் பக்கத்து நாற்காலி. அந்த இரைச்சலில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நாமும் யாரும் பேசாததற்கு வருத்தப்பட வேண்டியதில்லை. கூலரின் மேல் பழியைப் போட்டுவிடலாம்!

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன். மேடை முழுக்க நீலத் துணி. தெர்மகோல் சிப்பிகள், வெள்ளி பலூனில் நீர்க்குமிழிகள். குழந்தைக்கு மீன் செதில் போட்ட பாவாடை. ரிட்டர்ன் கிஃப்ட் பையில்கூடக் குட்டி பிளாஸ்டிக் கடல்கன்னி பொம்மை. எல்லாம் கவிதா மாதக்கணக்கில் யோசித்துச் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. நடுவில் பெரிய சிப்பி ஆசனம். அதில் ஒரு நிஜக் கடல்கன்னி உட்கார்ந்து வருகிற குழந்தைகளுக்குக் கையசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

உட்கார்ந்திருந்தது ஓர் ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்புக்குக் கீழே பச்சையும் நீலமுமாக மினுங்கும் மீன் வால். மேலே தோல் நிற பனியன். தலையில் நீள டோப்பா. அதற்குக் கீழே கம்பீரமான கறுப்பு மீசை.

முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டதில் விஷயம் தெரிந்தது. வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். ஈவென்ட்காரர் கையில் கிடைத்த ஆளுக்கு அதே வாலை மாட்டி, சிப்பியில் வைத்துவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு பலூன் கட்ட வேனில் கிளம்பிவிட்டார்.

மைக் பிடித்த தம்பிக்குத்தான் பெரிய சிக்கல். "இதோ நம்ம குட்டி தேவதையை வாழ்த்த கடலுக்கு அடியிலிருந்து வந்திருக்கும்..." என்று இழுத்துவிட்டு நின்றான். கடல்கன்னிக்கு ஆண்பால் என்ன? உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கன்னிக்கு ஜோடி காளைதானே என்று அவன் நினைத்திருக்க வேண்டும். "கடல்காளை!" என்று கத்தினான்.

முன் வரிசைப் பிள்ளைகள் எழுந்து கொம்பைத் தேடின.

"இன்னாடீ இது, கடல்கன்னின்னாங்க... மீசையோட குந்தினு கீது" என்றாள் ஒருத்தி. அவள் பக்கத்திலிருந்த வயதான அம்மாள் மட்டும் சட்டென்று கை கூப்பினார். "வாய மூடு. மச்சாவதாரம்டீ. கும்புட்டுக்கோ."

"நான் கிறிஸ்டியன்மா" என்றார் மேடையில் இருந்தவர், பரிதாபமாக.

கேக் வெட்டக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அது மீசையைப் பார்த்தது. வாலைப் பார்த்தது. மறுபடி மீசையைப் பார்த்தது. பிறகு மண்டபமே அதிரும்படி வீறிட்டது. தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாலும் நிற்கவில்லை. கவிதாவின் கண்ணில் தண்ணீர். அவள் கணவர் பரிமாறுகிற ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் இவர அந்தாண்ட வைங்கப்பா" என்றார். 'வைங்கப்பா' என்றுதான் சொன்னார். பூந்தொட்டியைச் சொல்வதுபோல. அவர்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கொண்டுவந்து வைத்தார்கள்.

எங்கே? ஏர்கூலர் பக்கத்தில். என் பக்கத்து நாற்காலியில்.

வாலுக்குள் இரண்டு காலும் சேர்ந்து இறுகியிருந்ததால் அவரால் எழுந்து நிற்கக்கூட முடியாது. யாராவது தூக்கினால்தான் உண்டு. கேக் வெட்டினார்கள். கைதட்டினார்கள். காது குத்தினார்கள். பந்திக்கு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். ஹால் காலியாகிவிட்டது. உடைந்த பலூன்களும் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

எத்தனை நேரம்தான் பக்கத்தில் இருக்கும் மனிதரைப் பார்க்காததுபோல் உட்கார்ந்திருக்க முடியும்? அதுவும் மனிதர் பாதி மீனாக இருக்கும்போது? கூலரை நானே அணைத்தேன்.

"தண்ணி வேணுமா?" என்றேன். கேட்ட பிறகுதான் கேள்வியின் அழகு புரிந்தது.

அவரும் சிரித்துவிட்டார். "வேணாம் மேடம். குடிச்சா அப்பால பாத்ரூம் போவணும். யாரு தூக்கினு போறது?"

பெயர் சாமுவேல். சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். அப்பா அம்மா இல்லை. அக்கா ஒருத்தி, கல்யாணமாகிச் சூளூர்பேட்டையில் இருக்கிறாள். இவர் தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள்களுக்கு வேஷம் போட வருவார். "சர்ச்சுக்குப் போயே ரெண்டு வருசம் ஆச்சு மேடம். பர்த்டேல்லாம் சண்டேலதான வெக்கிறாங்க."

"எப்பவும் இந்த வேஷமா?"

"சேச்சே. எனுக்குக் கரடிதான். தல மேல பெரிய கரடி மூஞ்சி மாட்டிக்குவேன். இன்னிக்குத்தான் இந்தப் பேஜாரு. நேத்து சொன்னதும் போன்ல படம் போட்டுப் பாத்தேன். ஆம்பள மீனு எப்டி குந்தும், கைய எப்டி வெச்சிக்கும்னு. வெளிநாட்டு ஓவியம்லாம் வருது மேடம். தாடி வெச்சிக்கினு, ஈட்டி புடிச்சிக்கினு, ராசா கணக்கா கீறாரு. ஆனா பொம்பள மீனு படம்னா கூட்டமாப் பாடினு, தல சீவினு இருக்காங்க. இவுரு மட்டும் எல்லாப் படத்துலயும் பாற மேல ஒண்டியாத்தான் குந்தினு கீறாரு."

அவருடைய சின்னம்மா பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டவர். அந்தச் சின்னம்மா சொன்ன கதை ஒன்றும் சொன்னார். ஏரியில் ஆண் மீன்மனிதன் ஒருவன் இருக்கிறானாம். படகுக்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே போனால் கொஞ்ச தூரம் கூடவே நீந்தி வருவானாம். கெடுதல் எதுவும் செய்ய மாட்டானாம். பேச்சு நின்றுவிட்டால் திரும்பிவிடுவானாம்.

"அவனுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் வெக்கல மேடம்."

பிறகு அவராகவே சொன்னார்.

"கரடில வேர்த்து ஊத்தும். மூச்சு முட்டும். ஆனாலும் கரடி நல்லா இருக்கும். வர்றவங்கல்லாம் கட்டிப் புடிச்சிக்குவாங்க. சின்னது, பெருசு, அல்லாரும். ஒரு தபா ஒரு பெரியவரு புடிச்சவரு உடவே இல்ல. ரூம்ல நாங்க மூணு பேரு. மூணு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட்டு. நான் வந்தா அவன் தூங்கினு இருப்பான், அவன் எழுந்தா நான் தூங்கினு இருப்பேன். நம்மள யாரு மேடம் தொடப் போறா? சண்டேக்குச் சண்டே கரடில போனா உண்டு."

என்னை யாராவது கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். போன மாதம். பிரஷர் பார்த்த நர்ஸ். கையில் பட்டியைச் சுற்றி, காற்றை அடித்து, "நார்மலா இருக்கு" என்று விட்டுவிட்டாள்.

சாமுவேல் திடீரென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

அன்று அவருக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒரு மணிக்கெல்லாம் வேன் திரும்பி வந்து, வாலைக் கழற்றி, அவரைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு. ஏற்கெனவே இரண்டு முறை லேட். "இன்னொரு தபா லேட்டா வந்தியானா கார்டக் குட்த்துட்டுப் போய்க்கினே இருன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிறாரு மேடம்."

அவருடைய பேன்ட், சட்டை, ஷூ, ஐடி கார்டு, போன், எல்லாம் வேனில். என் போனை வாங்கி ஈவென்ட்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் உடுக்கைச் சத்தமும் பம்பைச் சத்தமும் கேட்டன. "டேய், பெரியபாளையத்துல மாட்டிக்கினோம்டா! ஆவணி ஞாயிறு. அம்மன் கோயிலுக்கு ரோடு பூரா வேப்பிலைக் கூட்டம். வண்டி இம்மி நவுரல. நீ எப்டியாச்சும் பாத்துக்கோ!"

எப்படிப் பார்த்துக்கொள்வது? ஜிப் முதுகுப் பக்கம். அந்தப் பெண்ணின் அளவுக்குத் தைத்த வால் வேறு. துணி ஜிப்பின் பல்லில் சிக்கி இறுகிக் கிடந்தது. கை எட்டவில்லை. எட்டினாலும் வராது.

"நான் பார்க்கட்டுமா?" என்றேன்.

அவர் கூசினார். நானும்தான். உள்ளே டிரவுசர் போட்டிருப்பதாக மூன்று தடவை உறுதி சொன்னார். இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் வந்து நின்றுவிட்டது. எண்ணெய் இருந்தால் வழுக்கும். எண்ணெய்க்கு மாடிக்குப் போக வேண்டும். போய் யாரிடமாவது கேட்க வேண்டும்.

வாசகர்களே, உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் யாரிடமும் எதுவும் கேட்காமல் பரிசைக் கொடுத்து, சாப்பிட்டு, நழுவி வருவதில்தான் என் சாமர்த்தியம் முழுக்க இருந்தது. முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தின் நடுவில் போய் நின்று, 'ஒருவருக்கு வாலைக் கழற்ற வேண்டும்' என்று எப்படி ஆரம்பிப்பது?

அப்படியேதான் ஆரம்பித்தேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. பிரியாணி மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு, "இன்னாமா சொல்ற? அந்த மீன்காரரு இன்னும் கீழயா கீறாரு? சாப்டவே இல்லியா?" என்றார். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். ஷிஃப்ட், வேனில் போன துணி என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் தாய்மாமன் எழுந்து வந்தார். காலேஜ் முடித்த பையன்போல இருந்தார். காதுகுத்து மரியாதையாகக் கொடுத்த பட்டுக்கரை வேட்டி, பிரிக்காமல் கையில் இருந்தது. "எனுக்கு வேட்டி நிக்கவே நிக்காது ஆன்ட்டி. இத அவருக்குக் குடுங்க. பைக் கீது, நான் கொண்டு போய் உட்டுட்றேன்."

கிடுகிடுவென்று கீழே வந்தோம். நான் ஜிப்பில் எண்ணெய் விட்டேன். தாய்மாமன் வாலின் நுனியைப் பிடித்துக்கொண்டார். சாமுவேல் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தார். பர்ரென்று ஒரு சத்தம். ஜிப் திறந்ததா, துணி கிழிந்ததா தெரியாது. வால் தனியாக வந்துவிட்டது. மரத்துப்போன கால்களோடு அவர் எழுந்து, தள்ளாடி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடிதான். "சாரி மேடம்" என்று கையை எடுத்துவிட்டார்.

டோப்பா போய், வால் போய், பட்டுக்கரை வேட்டியும் தோல் நிற பனியனுமாக, வெறுங்காலோடு பைக்கில் ஏறினார். "வாலப் பாத்துக்குங்க மேடம். ஓனரு கேப்பாரு" என்று கத்திக்கொண்டே போனார்.

வாலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கனம். முதலில் ஒரு வாண்டு வந்து தொட்டுப் பார்த்தது. அப்புறம் நாலைந்து. அவற்றைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். "கடல்காளை எங்க போச்சு ஆன்ட்டி?" "வேலைக்குப் போயிருக்கு." "கடலுக்கா?" "இல்லை, தேர்வாய் கண்டிகைக்கு." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "உங்க ஊடு எங்க?" என்று கேட்டாள். இன்னொருத்தி எனக்குப் பீடா மடித்துக் கொடுத்தாள். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் என்னோடு பேசினார்கள். வாலை வைத்துக்கொண்டிருந்ததால்தான்.

ஒரு வழியாக எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. முடியவில்லை.

சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சாமுவேல் திரும்பி வந்தார். ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்தாராம். வேட்டியெல்லாம் புழுதி. ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்குத்தான் போயிருக்கிறார். ஆனால் ஷூ இல்லை, கார்டு இல்லை. வேட்டியோடு வந்தவரைக் கம்பெனி கேட்டில் உள்ளே விடவில்லை.

"செக்யூரிட்டிக்கு என்னைத் தெரியும் மேடம். டெய்லி பாக்குறவருதான். ஆனாலும் யாருய்யா நீன்னு கேட்டாரு. பனியன்ல ஜிகினா வேற ஒட்டினு இருந்துச்சா... அவருக்கும் டவுட்டு ஆய்டுச்சி போல."

அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றார். வரவில்லை. அந்தச் செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டதற்கு, "நாளைக்கு வரச் சொல்லு, பேசிக்கலாம்" என்று மட்டும் சூப்பர்வைசர் சொன்னாராம். என்ன பேசுவார்? யாருக்குத் தெரியும்?

கவிதா அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். ஓடி வந்தாள். "அண்ணா, இன்னும் சாப்பிடலையா? அக்கா, நீங்களுமா? ஐயோ, நான் ஒருத்தரையும் கவனிக்கவே இல்லையே..." அவளே இலை போட்டாள். அண்டாவின் அடியில் இருந்த பிரியாணியை மாஸ்டர் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். மீனாக இருந்தவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இடுப்பிலிருந்த குழந்தை சாமுவேலைப் பார்த்தது. இப்போது வால் இல்லை. டோப்பா இல்லை. இருந்தாலும் மறுபடி வீறிட்டது. அதற்கு மீசைதான் பிரச்சினை என்று அப்போது உறுதியானது. அவர் அன்று வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேன் வந்தது. ஈவென்ட்காரர் வாலின் கிழிசலைப் பார்த்து முணுமுணுத்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மேடம், சாமுவேல் பேசறேன். ஓனரு போன்ல உங்க நம்பர் இருந்துச்சி. வேலைக்கு ஒண்ணும் ஆவல. ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் போட்டாங்க, அவ்ளோதான். வர்ற சண்டே மறுபடி கரடிதான்... சாப்ட்டீங்களா மேடம்?" அதோடு முடிந்தது. சாப்பிட்டேன் என்று அனுப்பினேன். உண்மையில் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வந்து, திருத்தணி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர சீட். எல்லாம் கோயிலுக்கு வந்து திரும்புகிற கூட்டம். மஞ்சள் புடவை, ஈரத் தலை, வாடின வேப்பிலை வாசம். என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட யாரும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் நகர்ந்ததும் தூங்கிவிட்டாள். காலையிலிருந்து விரதமோ, அங்கப்பிரதட்சணமோ... அப்படி ஒரு தூக்கம். முதலில் தலை ஆடியது. பிறகு மெல்லச் சரிந்து என் தோளில் வந்து நின்றது.

வழக்கமாக நான் என்ன செய்வேன் தெரியுமா? தோளை லேசாக அசைப்பேன். தொண்டையைச் செருமுவேன். எழுந்துவிடுவார்கள்.

அன்று அசையவில்லை. நல்ல கனமான தலை. மஞ்சள் என் ஜாக்கெட்டில் ஒட்டியது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இவளுக்கு வீட்டில் யாராவது இருப்பார்களா, தெரியாது. எந்த ஊர், எங்கே இறங்குவாள், அதுவும் தெரியாது. கை மரத்துப்போனது. பையிலிருந்து கண்ணாடியை எடுக்க வேண்டும்போல இருந்தது. எடுக்கவில்லை.

திருவள்ளூர் வந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டாப். "திருவள்ளூர்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பாதி பஸ் இறங்கியது. தோளில் இருந்த தலை இறங்கவில்லை.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "எறங்கலியாமா?"

அடுத்த ஊர் திருப்பாச்சூர். அங்கே எனக்கு யாரும் இல்லை. ஒரு வேலையும் இல்லை. திரும்பி வர பஸ் எப்போது கிடைக்குமோ, அதுவும் தெரியாது.

"திருப்பாச்சூர் ஒண்ணு குடுங்க" என்றேன். மெதுவாக... அவள் விழித்துவிடாதபடி.